ஹியூபேட் சத்தம் போட்ட ஞாயிறு

என் வீட்டுக்காரர் ஹியூபேட் வெளியில் இறங்கினால் தமிழ் பேசமாட்டார். வீட்டுக்குள்ளே பாட்டென்ன, பகிடியென்ன! கேற்றைத் தாண்டினால் ஆளே வேறு. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்துகொண்டே, "பஹிமு" என்று சிங்களத்தில் இறங்கச் சொல்வார். அதையும் காதுக்குள்தான் சொல்வார். "இஞ்சேருங்கோ, நான் உங்கட பெண்சாதி, கொண்டக்டர் இல்லை" என்று சீறுவேன். "சத்தம் போடாத றஞ்சிதம்" என்பார்.

காரணம் எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில், தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற தன் தம்பி சாந்தனை "டேய், இங்க வாடா" என்று உரக்கக் கூப்பிட்டிருக்கிறார். அந்த ஒரு தமிழ்க் குரலுக்காக ஆமிக்காரர் இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது சாந்தனுக்கு இடது காது கேட்கவில்லை. அன்றைக்கு அடங்கிய வாய்தான் இவருடையது. துறைமுகத்தில் பார்க்கிற வேலைக்கும் வாய் தேவையில்லை, கீழே நின்று கிரேன்காரனுக்குக் கையால் சைகை காட்டுவதுதான். ஆண்டவர் பொருத்தமான வேலைதான் தந்திருக்கிறார் என்று நான் நக்கலடிப்பேன்.

சாந்தன் இப்போது மட்டக்களப்பில். போன ஓகஸ்ட் விடுமுறைக்குத் தன் மகள் டில்ஷானியை எங்களிடம் விட்டுப் போனான். ஆறு வயது. சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. "எனக்கெண்டு இருக்கிறது இவள் ஒருத்திதான் அண்ணன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான். பிள்ளையில்லாத வீடு எங்களுடையது. பிள்ளை வந்ததிலிருந்து இவருக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ஞாயிறு பூசை முடிய, வெள்ளவத்தைக் கால்வாயின் மேற்பக்கம் நடக்கப் போனோம். ஒரு சின்னப் பூங்காவில் தொடங்கி, கரையோரமாகவே போய், இன்னொரு பூங்காவில் முடிகிற பாதை. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போகிறவர்களும் போவார்கள், அவ்வளவு லேசு. டில்ஷானி முன்னால் ஓடினாள். நான் செருப்பு வாரைச் சரிபண்ணக் குனிந்து நிமிர்வதற்குள் பிள்ளையைக் காணவில்லை.

கால்வாயின் குறுக்கே ஒரு பழைய மரப்பாலம். திருத்துவதற்காகச் சில பலகைகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. அதற்குக் கீழால் நுழைந்து பிள்ளை நடுப்பாலத்துக்குப் போய்விட்டாள்! அங்கே அக்கரையில் ஒரு கபரகொய, முதலைக்குட்டி மாதிரிப் பெரிய உடும்பு, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கிற சந்தோஷப் புளுகத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் மூன்று எட்டில் பலகையே இல்லை. கீழே கறுத்த தண்ணீர்.

இவர் ஒரு காலைப் பாலத்தில் வைத்தார். பலகை நெரிந்தது. பெரிய ஆள் ஏறினால் பாலம் தாங்காது. என் வாய்க்கு வெள்ளவத்தையே பயம், அன்றைக்கு அந்த வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது.

"யன்ன எபா! நவத்தின்ன!" என்று இவர் கத்தினார். போகாதே, நில் என்று சிங்களத்தில்! பழக்கம், பாழாய்ப்போன பழக்கம். நடக்க வந்த சனமும் கூடி அதையே கத்தியது. பிள்ளை திரும்பிப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆட்கள் விளங்காத மொழியில் ஏசுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். உதடு பிதுங்கியது. எங்களைவிட்டு விலகி ஓர் எட்டு வைத்தாள். பிறகு இன்னொன்று.

"டில்ஷானீ! அசையாத! அப்பிடியே நில்லு மகள்! பெரியப்பா கதைக்கிறன்!"

அந்தக் குரலை நான் கலியாணம் கட்டிய நாளிலிருந்து கேட்டதில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் திரும்பினார்கள். பிள்ளை நின்றுவிட்டாள்.

"பெரியப்பா, கட்டையெல்லாம் ஆடுது."

"ஓம் மகள், ஆடும். நீ குந்து. ரெண்டு கையையும் ஊண்டு. இப்ப என்னைப் பாத்துத் தவண்டு வா. மெதுவா. அந்தக் கட்டை வேணாம், பக்கத்தில வை. கெட்டிக்காரி. இன்னும் கொஞ்சம்."

நான் அந்தோனியாரைக் கூப்பிட்டபடி நின்றேன். கடைசிப் பலகைக்கு வந்ததும் எட்டி அள்ளினார். பிள்ளை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சனம் கை தட்டியது.

அப்போது பூங்காக் காவலுக்கு நிற்கிற பெடியன் சீருடையோடு எங்களை நோக்கி ஓடிவந்தான். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். இவர் அவனைக் கண்டார். முகம் செத்துவிட்டது. பிள்ளையை என் கையில் திணித்தார். எங்கள் இருவருக்கும் முன்னால் வந்து நின்றார். கால்சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"பிள்ளையைத்தான் கூப்பிட்டேன், சேர். வேறு ஒன்றும் சொல்லவில்லை" என்றார் சிங்களத்தில். குரல் பழையபடி காதுக்குள் பேசுகிற குரலாகியிருந்தது.

பெடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. "வத்துர டிக்கக் பொன்ன, அங்கிள்" என்று, குடிக்கச் சொல்லி நீட்டினான். "தண்ணிதான் தாறான், வாங்குங்கோ" என்று அழுதுகொண்டே கத்தினேன். இவர் வாங்கவில்லை. அட்டையை நீட்டியபடியே நின்றார்.