ஒரு நிமிடம்தான் என்று சொல்லி அனுப்பினேன்

திருகோணமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் பதினொரு வருடம் வேலை செய்தேன். அந்தக் காலத்தில் வெளியூருக்கு ட்ரங்க் கோல் பேசுவதென்றால் எங்களைக் கேட்டுத்தான் பேச வேண்டும். கப்பல் கொம்பனிக்காரர், துறைமுகத்துப் பெரியவர்கள், கிண்ணியா வியாபாரிகள் எல்லாரும் என் குரலுக்குக் காத்திருந்தார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. வாயும் நீளம். இப்போது மறைத்து என்ன பயன்?

அம்மா போன பிறகு எனக்குத் தம்பியும் தம்பிக்கு நானும்தான். அவன் கொழும்பில் ஒரு கொம்பனிக்காகச் சம்பளத்துக்குச் சைக்கிள் பந்தயம் ஓடினான். சைக்கிள் ஓடுவதற்கும் சம்பளமா என்று ஊரில் சிரித்தார்கள். லீவில் வந்தால் விடியக் காலமை சாம்பல்தீவு, நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டி வரைக்கும் போய் வருவான். அது முழுக்கச் சமதரை. எங்கள் ஊரில் ஏற்றம் என்று இருப்பது கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை மட்டும்தான். அதில் முப்பது தரம், நாற்பது தரம் ஏறி இறங்குவான். கும்பிட வருகிற சனம் அவனைப் பெரிய பக்திமான் என்று நினைத்தது. ஒருநாளாவது சைக்கிளை விட்டு இறங்கி உள்ளே போனானோ தெரியாது.

அந்த வருடம் தீவைச் சுற்றி ஓடும் பெரிய ஓட்டத்தில் கொம்பனி அவனையும் சேர்த்தது. அதில் ஒரு நாள் ஓட்டம் கம்பளையில் இருந்து நுவரெலியாவுக்கு மலை ஏறுவது. அன்றைக்கு முதல் பத்துப் பேருக்குள் வந்தால் அவனை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். வந்தால் அவன் வாழ்க்கை சைக்கிளில் போகும், வராவிட்டால் ஊருக்குத் திரும்பி வேறு வேலை தேட வேண்டும். அதற்கு முந்தின கிழமை வீட்டில் சோறு தின்னும்போதுகூட மேசைக்கடியில் அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

ரேடியோவில் முடிவு பின்னேரம்தான் வரும். அதுவரைக்கும் பொறுக்க நான் என்ன கல்லா? மலைப்பாதை நெடுகச் சின்னச் சின்னத் தபால் கந்தோர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எங்களைப் போல ஒருத்தி போர்டுக்கு முன்னால் இருப்பாள். முகம் தெரியாது, குரல் தெரியும். வேலை இல்லாத நேரங்களில் அரிசி விலையில் இருந்து அவரவர் வீட்டுச் சண்டை வரைக்கும் கதைப்போம். வேலை நேரத்தில் சொந்தக் கதை கதைக்கக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கு நான் சட்டத்தைப் பார்க்கவில்லை.

மலையடியில் இருந்த கந்தோரில் கேட்டேன். ஒருவன் தனியாக முன்னுக்குப் போய்விட்டான், அவனுக்கு ஆறு நிமிடம் பின்னால் ஏழு பேர் ஒன்றாகப் போகிறார்கள், அதில் ஒருவன் உங்கள் தம்பி என்றாள் அங்கிருந்தவள். நோவு தெரியாமல் சிரித்துக்கொண்டு போகிறானாம். அதாவது எட்டுப் பேருக்குள் ஒருவன். அந்தக் கூட்டத்தோடு அப்படியே மேலே போயிருந்தால் போதும். எங்களுக்கு வேண்டியது கையில் இருந்தது.

ஆனால் துறைமுகத்தில் இருந்து கோலுக்கு மேல் கோல். எங்கடை ஆள் எங்கே, எங்கடை ஆள் எங்கே என்று ஒரே கேள்வி. எட்டுப் பேரில் ஒருவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாவது என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. பேராசை பெருநட்டம் என்று ஊருக்குப் புத்தி சொல்கிறவள் நான்.

மேலே இருந்த கந்தோரை எடுத்தேன். முன்னால் போகிறவன் இப்போதுதான் கடந்து போனான் என்றாள் அந்தப் பெண். தம்பியின் நம்பரைக் கொடுத்து, தபால்காரரை வீதியில் நிற்க வைக்கச் சொன்னேன்.

"அவர் வரேக்கை சத்தமாச் சொல்லச் சொல்லுங்கோ. அக்கா ட்ரங்கிலை சொன்னவ, முன்னுக்குப் போறவன் ஒரு நிமிசம்தான் எண்டு."

அவள் நம்பரை எழுதிக்கொண்டாள். பிறகு, "ஆறு நிமிஷம்னு கீழ சொன்னாங்களே அக்கா" என்றாள்.

நீங்கள் சொல்லுங்கோ என்றேன்.

லைனை விடாமல் காத்திருந்தேன். தூரத்தில் கார் ஹோர்ன், கைதட்டல், பிறகு யாரோ கத்துகிற சத்தம். அவள் திரும்பி வந்து சொல்லியாகிவிட்டது என்றாள். உங்கள் தம்பி ஒருதரம் திரும்பிப் பார்த்தார், பிறகு எழும்பி நின்று மிதித்து மற்ற ஆறு பேரையும் விட்டுவிட்டுத் தனியாகப் போய்விட்டார் என்றாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோசக் கண்ணீர்தான். துறைமுகத்துக்கு நானே எடுத்து, எங்கடை ஆள் பிடிக்கப் போறான் என்று சொன்னேன்.

நுவரெலியாவில் இருந்து ஒவ்வொரு நம்பராகச் சொன்னார்கள். அந்த ஆறு பேரும் வந்தார்கள். பத்தும் முடிந்தது, இருபதும் முடிந்தது. தம்பி வரவில்லை. கடைசி வளைவுகளுக்குக் கீழே, கால் இரண்டும் தசை பிடித்துப்போய், ஒரு மதகில் குந்தியிருந்தானாம். எல்லாருக்கும் பின்னால் வந்த லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தான். குசினிக் கதவடியில் நின்று தேத்தண்ணி குடித்தான். முகம் வெயிலில் உரிந்திருந்தது.

"அக்கா, அந்த ஒரு நிமிசம் சரியான கணக்குத்தானே?" என்று கேட்டான்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஆறு நிமிடத்தை அந்த மலையில் ஒருத்தனாலும் பிடிக்க ஏலாது, நீ ஒரு பிழையும் விடவில்லை, நான் சொன்னது பொய் என்று. அவன் என்னைத் திட்டியிருப்பான். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பான். அதற்குப் பயந்தேன்.

"ஓம்" என்றேன்.

அவன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு மாதத்தில் கொம்பனியில் இருந்து கடிதம் வந்தது. மலையில் அவன் பாய்ந்த விதம் தங்களுக்குப் பிடித்ததாம், அடுத்த வருடம் இன்னொருமுறை வந்து ஓடிப் பார்க்கட்டுமாம். நான் துள்ளினேன். அவன் கடிதத்தை மடித்தான். ஒரு நிமிடத்தைப் பிடிக்க ஏலாதவன் ஏன் மற்றவனின் இடத்தை அடைக்க வேண்டும் என்றான். அன்றைக்கும் எனக்கு வாய் இருந்தது. அன்றைக்கும் நான் சொல்லவில்லை. சைக்கிளை நிலாவெளியில் ஒரு பொடியனுக்குக் கொடுத்துவிட்டு, துறைமுகத்தில் கப்பலுக்கு ஏறும் தேயிலைப் பெட்டிகளை எண்ணும் வேலைக்குப் போனான்.

அவனுக்குக் கலியாணம் பேசிப் பெண் வீட்டுக்குப் போனபோது, சைக்கிளை ஏன் விட்டீர்கள் என்று பெண்ணின் தகப்பன் கேட்டார். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். கள்ளமில்லாத சிரிப்பு.

"அக்கா வேலை போனாலும் பரவாயில்லை எண்டு ட்ரங்கிலை எனக்குச் சொல்லி அனுப்பினவ. ஒரு நிமிசம்தான் எண்டு. அவ தன்ரை பங்கைச் செய்தவ. எனக்குத்தான் ஏலாமப் போச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்படி ஒரு அக்கா ஆருக்குக் கிடைப்பா என்றார் பெண்ணின் தாய். என் தட்டில் இன்னொரு பலகாரம் வைத்தார். நான் அதை எடுத்துத் தின்றேன்.