தேரூர் குளமும் என் 600 எம்.எம். வாயும்

இன்று நாகர்கோவில் பேருந்தில் நண்பன் ஜெரின் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தேரூர் குளத்துக் கரையோரம் கூழைக்கடாக்கள், கல்லெறி தூரத்தில்.

"கேமரா எடுத்துட்டு வரலியா மக்கா?" என்றேன்.

"600 எம்.எம். லென்ஸ் இல்லாம பறவை பக்கமே போவாதன்னு நீதானடே சொன்ன? அதுக்கு நான் எங்க போவேன்? கேமரா ரெண்டு வருசமா பீரோவுல கெடக்கு."

சொன்னேன்தான். விலை குறைந்த 250 எம்.எம். லென்ஸ் போதுமா என்றுதான் அன்று அவன் கேட்டான். எனக்கு விளக்கப் பொறுமையில்லை.

நீங்கள் லைக்குகளை அள்ளிப் போட்ட என் கூழைக்கடா படம் இதே குளத்தில், அதே 250-இல் எடுத்தது. அவனிடம் ஒத்துக்கொண்டேன்.

"அப்போ ஏம்டே அன்னைக்கே சொல்லல?"

அன்று புது 600 வாங்கியிருந்த திமிர்; அதை உங்களிடம்தான் சொல்கிறேன். ஞாயிறு காலை என் பழைய 250-உடன் அவன் வீட்டுக்குப் போகிறேன்.

என் பேச்சைக் கேட்டுக் கேமராவைப் பூட்டி வைத்தவர்கள் வேறு யாராவது இருந்தால், கீழே வரிசையில் வந்து திட்டவும்.