மச்சான் கட்டி முடிச்ச தேதி

மச்சானுக்குக் கருமாதி முடிஞ்ச அந்த வாரமே, பைக்குக்குக் கடன் குடுத்த கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு கல்வராயன் மல ஏறி வந்துட்டானுங்க. கடைசி தவண பாக்கியாம். என் தங்கச்சி புருசனப் பறிகுடுத்துட்டு மூலையில உக்காந்துகினு இருக்கா, அவனுங்க ஊருக்கே கேக்குற மாதிரி கேட்டுட்டுப் போனானுங்க. நான் அப்ப கீழ சின்னசேலத்துல மரவள்ளிக் கெழங்கு லோடு எறக்கிகினு இருந்தேன். அங்க இருந்திருந்தா கைய கால ஒடிச்சிருப்பேன்.

மச்சான் கட்டாம இல்ல. சாவறதுக்கு முந்தின மாசமே கள்ளக்குறிச்சி ஆபீசுல கடைசி தவணையக் கட்டி ரசீது வாங்கிட்டாரு. என் வண்டியிலதான் திரும்பி வந்தாரு. இனிமே எவனுக்கும் பதில் சொல்ல வேணாம்னு வழியெல்லாம் சிரிச்சிகினு வந்தாரு. நான் தேடிப் போயி ரசீதக் காட்டுனதும் அந்த ஆளுங்க மறுபடி வரல. ஊரு வாய மூட முடியுமா? கடனோட போயிட்டான்னுதான் பேசுச்சு.

அடுத்த வருசம் தங்கச்சி கறவ மாட்டுக் கடன் கேட்டு பேங்குக்குப் போனா. மானியத்தோட குடுக்குற கடன். பைக் கடன்ல அவளும் கூடக் கையெழுத்துப் போட்டவ. மேனேஜரு கம்ப்யூட்டரப் பாத்துட்டு, "உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு கடன் முடியாம நிக்குதும்மா"ன்னாரு. நல்ல மனுசன். தப்புன்னா அந்த ரிப்போர்ட் குடுக்குற கம்பெனிக்குக் கம்ப்யூட்டர்லயே புகார் போடுங்கன்னு வழியும் அவரே சொன்னாரு.

டீக்கடையில ஆளுக்கொரு சட்டம் பேசுனானுங்க. "நோண்டாதய்யா, புகார் போட்டா புதுத் தேதி விழுந்து பழைய கடன் புதுசாயிடும்." கம்ப்யூட்டர் சென்டர்ல இருக்குற பொண்ணக் கேட்டேன். "புகார் போட்டதால தேதி மாறாதுங்க. கடன் குடுத்தவங்க எந்தத் தேதிய ஏத்துறாங்களோ அதான் நிக்கும்"னுச்சு. சரி, போடும்மான்னேன்.

ஒரு மாசம் போல கழிச்சி புது ரிப்போர்ட் வந்துச்சு. கடன் முடிஞ்சிதுன்னு போட்டிருந்தான். ஆனா முடிஞ்ச தேதி இந்த மாசத் தேதி. எந்த மவராசனோ, திருத்துன அன்னிக்குத் தேதியவே ஏத்தி வுட்டுட்டான். அதுவரைக்கும் பாக்கி இருந்த மாதிரியே நின்னுச்சு. மேனேஜரு, "முடிஞ்சிதுன்னு வந்துடுச்சில்ல, நான் பாத்துக்கிறேன், மாடு வாங்கிக்கலாம்"னாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

தங்கச்சி அந்தத் தேதியிலயே நின்னுட்டா. "செத்த மனுசன் இந்த மாசம் எப்டிண்ணா கட்டுவாரு?"

"இன்னா இப்ப? முடிஞ்சிதில்ல, வுடு."

"அவரு பாக்கி வெச்சிட்டுப் போயி, நான் கட்டி முடிச்சேன்னுல்ல இருக்குது."

மறுபடி புகார் போட்டா அது முடியற வரைக்கும் கடன் தர முடியாது, அதுக்குள்ள மானியம் தீந்துபோனாலும் போயிடும்னு மேனேஜரு சொல்லிட்டாரு. நான் கத்துனேன். ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு கூலிக்குப் போறவளுக்கு இந்த வீம்பு எதுக்கு, தேதியக் கறந்து பால் குடிப்பியான்னு கேட்டேன். அவ ரசீத எடுத்து என் சட்டப் பாக்கெட்டுல வெச்சிட்டா. திட்டிகினே போயி மறுபடி புகார் போட்டேன்.

இந்தத் தடவ கம்பெனிக்காரனுங்க சும்மா இழுத்தானுங்க. ஆபீசுக்கே போயி சத்தம் போட்டதும்தான் ரசீதக் கையில வாங்கிப் பாத்தானுங்க. அதுக்கப்புறம் சரியான தேதி ஏறிச்சு, மச்சான் பணம் கட்டுன அதே நாளு. அந்தக் காயிதத்தத் தூக்கிகினு பேங்குக்கு ஓடுனா, மானியம் அந்த வருசத்துக்கு முடிஞ்சி போச்சு. சொல்றதுக்கே மேனேஜருக்கு மொகம் சுண்டிப் போச்சு, பாவம்.

மலைக்கு வந்தப்ப தங்கச்சி சாமை வெதச்ச கொல்லையில கள எடுத்துகினு இருந்தா. வண்டிய நிறுத்துன வேகத்துலயே, மாடு போச்சு, ஒன்னாலதான் போச்சுன்னு ஆரம்பிச்சேன். அவ கைய சேலையில தொடச்சிகினு காயிதத்த வாங்குனா. தேதி எங்க இருக்குதுன்னு கேட்டா. காட்டுனேன். அதுமேல வெரல வெச்சி ரொம்ப நேரம் பாத்தா.

"மாடு அடுத்த வருசம் கூட வாங்கிக்கலாம்ணா. அவரு வந்து இன்னொரு தடவ கட்ட முடியுமா?"

நான் வரப்புல உக்காந்து அழுதுட்டேன்.