கேட்காமல் எடுத்த படம்

மார்புக்குக் கீழே வந்த புண்ணை ஆண் டொக்டரிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இறக்கக்கண்டியிலிருந்து பஸ் ஏறி, ஒரு பெண் டொக்டரைத் தேடித் திருகோணமலை டவுனுக்குப் போனேன்.

சட்டையை விலக்கிக் காட்டினேன். புண்ணைப் பார்த்தவர், சட்டென்று தன் போனை எடுத்துப் படம் பிடித்து, அதில் ஏதோ தட்டினார். நான் பதறிப்போய்ச் சட்டையை இழுத்து மூடினேன்.

“என்ன டொக்டர் இது?”

“பயப்பிடாதீங்கோ. படத்தை ஏஐக்கு அனுப்பியிருக்கிறன். என்ன வருத்தமெண்டு அது உடனே சொல்லும். ஆம்பிளையள் ஒருத்தரும் பாக்க மாட்டினம், மெஷின்தான்.”

“அந்த மெஷின் எங்க இருக்கு? என்ர படத்தை அங்க ஆர் வச்சிருப்பினம்?”

“அது எனக்குத் தெரியாதம்மா.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “ஒரு ஆம்பிளை பாக்கக்கூடாதெண்டு இவ்வளவு தூரம் வந்தனான். ஆர் பாப்பினமெண்டே தெரியாத இடத்துக்கு என்ர நெஞ்சை அனுப்பிப்போட்டு, பயப்பிடாதீங்கோ எண்டுறீங்களே!”

அவர் போனிலிருந்த படத்தை அழித்துக் காட்டினார்.

“அனுப்பினதை?” என்று கேட்டேன். அவர் குனிந்து மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

அவர் தந்த பூச்சு மருந்தில் புண் மாறிவிட்டது. அந்தப் படம் எங்கே கிடக்கிறதோ, இன்றுவரை தெரியாது. “புண்ணை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பட்டா?” என்று முதலிலேயே கேட்டிருந்தால், நானே ஓம் என்றிருப்பேன்.