வேகமாக வாசிக்கச் சொன்னவர்

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது, திருமங்கலத்தில் மூடிக் கிடந்த பேண்டு செட்டை நாங்கள் சில இளவட்டங்கள் தூசி தட்டி எடுத்தோம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மெதுவான பாட்டுதான் எளிது. எங்கள் ஊரில் மெதுவான பாட்டு என்றால் சாவுக்கு வாசிப்பது.

முதல் நாள் மாலையே எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார். நெடுநெடுவென்று ஒல்லியான உருவம். ஈரமே இல்லாத கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருப்பார். கணவர் பட்டாளத்தில், எல்லையில் இருந்தார்.

"தம்பி, யார் வீட்டுக்குத் தந்தி வந்துச்சு?"

"யாருக்கும் வரலக்கா. சும்மா பழகுறோம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வேற எதுவும் தெரியாதா?"

"இனிமேத்தான் கத்துக்கணும்."

"தப்பா வாசிச்சாலும் பரவால்ல. வேகமா வாசிங்கப்பா."

அன்றிலிருந்து சாவுப் பாட்டையும் கல்யாணப் பாட்டின் வேகத்தில் வாசித்தோம். கொஞ்சம் மெதுவானால் எங்களில் ஒருவன் எதிர்வீட்டைத் திரும்பிப் பார்ப்பான்.

சண்டை முடிந்ததும் தெருத்தெருவாக வாசித்துப் போனோம். அக்கா வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. ஏன் என்று அக்கம்பக்கத்தில் கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போது இன்னும் வேகமாக வாசித்தோம்.