அம்மாவுக்குக் கண் தெரியாது என்றார்கள்

தேர்தல் சமயத்தில் யாராவது என் வாசலில் நின்று, "இந்த வீட்டு வோட்டெல்லாம் நமக்குத்தானே?" என்று சிரித்தால் எனக்கு இன்றும் உடம்பு பற்றி எரியும். வீட்டுக்கு ஏது வோட்டு? ஆளுக்குத்தானே வோட்டு!

அப்போது நான் நாலாம் வகுப்பு. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதிக்குப் பின்னால், ஓடையை ஒட்டிய காலனியில் இருந்தோம். அப்பா கடைவீதியில் சுமை தூக்குகிறவர். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவருக்கு யூனியன் கார்டு வாங்கிக் கொடுத்தது கட்சி. லாரியிலிருந்து அரிசி மூட்டைகள் சரிந்து இடுப்பொடிந்து கிடந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, ரத்தம் கொடுத்தவர்களும் கட்சிக்காரர்கள்தான். அதனால் அப்பாவுக்குக் கட்சி என்றால் உயிர். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த நன்றி அம்மாவுக்கும் இருந்தது. ஆனால் மழைக்காலம் வந்தால் ஓடைத் தண்ணீர் சாக்கடையோடு கலந்து எங்கள் அடுப்படி வரை வந்துவிடும். அந்த வருஷம் தம்பிக்கு எலிக்காய்ச்சல் கண்டது. கண்ணெல்லாம் மஞ்சளித்து, பிழைப்பானா என்றே தெரியாமல் கிடந்து மீண்டான். வார்டு மெம்பர் எங்கள் கட்சிக்காரர். ஓடையைத் தூர்வாரச் சொல்லி அம்மா அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் மண்வெட்டியோடு ஓடையில் இறங்கியது பக்கத்துச் சந்தில் இருந்த அங்கன்வாடி ஆயாதான். அடுத்து வந்த கார்ப்பரேஷன் தேர்தலில் அந்த ஆயா சுயேச்சையாக நின்றாள். அலமாரிச் சின்னம். மெம்பரும் மறுபடி நின்றார்.

கட்சியின் குடும்ப யோகம் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. காலனிக் குடும்பங்களை உட்காரவைத்துப் பேசி வோட்டை உறுதிப்படுத்திக்கொள்ளும் கூட்டம் அது. அப்பா வாடகைக்கு நாற்காலிகள் எடுத்துப் போட்டிருந்தார். மெம்பர் கும்பிட்டபடி வந்து உட்கார்ந்தார். சாயா கொண்டுவந்த அம்மா தட்டைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "ஓடைக்கு என்ன வழின்னு சொல்லுங்க. சொன்னா வோட்டு போடுதேன். இல்லேன்னா யோசிக்கணும்."

மெம்பர் அப்பாவைப் பார்த்தார். கட்சிச் செயலாளர்தான் சிரித்துச் சமாளித்தார். "சேச்சி தமாஷ் பறையுந்நு, அல்லே?"

"தமாஷ் இல்ல" என்றாள் அம்மா.

தேர்தலன்று அப்பா வேலைக்குப் போகாமல் அம்மாவைத் தானே பூத்துக்கு அழைத்துப் போனார். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. அம்மா வாய் திறக்கும் முன்பே அப்பா அதிகாரியிடம், "சாரே, இவளுக்குக் கண்ணு காணில்லா. ஓப்பன் வோட்டு. நான்தான் கூட வந்திருக்கேன்" என்றார்.

பார்வை இல்லாதவர்களுக்குத் துணையாக ஒருவர் போய்ப் பொத்தானை அழுத்தலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதைத்தான் ஓப்பன் வோட்டு என்பார்கள். அம்மாவுக்குக் கண் தெரியாதாம்! ஊசியில் நூல் கோக்கக் காலனியே அவளிடம்தான் வரும். இது அங்கே ஏஜெண்டுகளாக உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவனாவது வாய் திறக்க வேண்டுமே! எதிர்க்கட்சிக்காரனும் திறக்கவில்லை. அவன் கூட்டிவந்த ஓப்பன் வோட்டுகள் வெளியே வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

அதிகாரி அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. துணைக்கு வருகிறவர் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழித் தாளை அப்பாவிடம் நீட்டினார். அம்மா அதை முந்திக்கொண்டு வாங்கினாள். வாங்கி, முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். பஸ் போர்டும் ரேஷன் கார்டும் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்ட மலையாளம். எழுத்துக்கூட்டி, தமிழ் வாடை அடிக்க, நிறுத்தாமல் வாசித்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்வையில்லாதவர் என்று வந்த இடத்தில் மட்டும் இடறினாள். அந்தச் சொல்லை மறுபடி வாசித்தாள். கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத் தாளை மேசைமேல் வைத்தாள்.

"இது நான் இல்ல சாரே. எனக்கு நல்லா கண்ணு தெரியும்."

அப்பா அவள் கையைப் பிடித்தார். "ஏட்டி, மானத்த வாங்காத."

"கைய விடுங்க."

விட்டார். அம்மா விரலில் மை வைத்துக்கொண்டு, அட்டை மறைப்புக்குப் பின்னால் தனியாகப் போனாள்.

கட்சி ஜெயித்தது. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. ஆயா தோற்றாள். அம்மாவின் வோட்டு எங்கே விழுந்திருந்தாலும் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அப்படியும் கட்சிக்காரர்கள் விடவில்லை. சேச்சி என்று கூப்பிட்டவர்கள், தமிழர்களை இளப்பமாகச் சொல்கிறபடி, பாண்டிக்காரி என்றார்கள். வெற்றி ஊர்வலம் எங்கள் வாசலுக்கு வந்து நின்று, படியிலேயே பட்டாசுச் சரத்தைக் கொளுத்திப் போட்டது. தம்பி அலறி அலறி மூச்சுத் திணறினான். ரத்தம் கொடுத்த அதே ஆட்கள்தான் சுற்றி நின்று சிரித்தார்கள். கடைவீதியில் யூனியன் ஒதுக்கும் வேலை முறை அப்பாவுக்கு வராமலே போனது. எதிர்க்கட்சிக்காரர்களோ அம்மா இனித் தங்கள் ஆள் என்று நினைத்து, மாதர் அணியில் சேரச் சொல்லி வந்தார்கள். அம்மா அவர்களையும் உள்ளே விடவில்லை.

அப்பா அவள் சமைத்ததைத் தொடுவதில்லை. சாயங்காலம் வந்ததும் ஒரே கேள்வி: "யாருக்குட்டி போட்ட?" அம்மா பதில் சொல்ல மாட்டாள். அவர் தட்டை எறிந்த நாளிலும் சொல்லவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா பட்டினியாகக் கிடக்கிறாரே என்று அழுகையாக வந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம், "கட்சிக்குத்தான் போட்டேன்னு சொல்லிரேம்மா" என்றேன்.

"சொல்லலாம்ட்டி. அது நெசமாக்கூட இருக்கலாம்."

"அப்போ சொல்லு!"

"சொல்ல மாட்டேன்."

வீம்பு பிடித்தவள் என்று நினைத்தேன். பல நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அப்பா கேட்டார், செயலாளர் கேட்டார், தண்ணீர்க் குழாயடியில் கண்டவர்களெல்லாம் கேட்டார்கள். என் கோபம் முழுக்க அம்மா ஒருத்தி மேல்தான். அதைக் கேட்க இவர்களெல்லாம் யார் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.