மதினியின் இலைக்கு அடுத்த இலை

ஞானம்மா மதினி போய்விட்டார்கள். இன்று காலை, போடியில், தன் வீட்டிலேயே...

என் பெரிய அண்ணனின் மனைவி. "கல்யாணச் சாவு, அழாதீங்க அத்தை" என்று அவர்கள் மகன் போனில் எனக்கு ஆறுதல் சொல்கிறான்.

நான் அழுவது வேறு ஒன்றுக்கு. அவனிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். ஆர்ஐபி போட்டுவிட்டு ஓடாமல் முழுசாகப் படியுங்கள்.

ஐம்பத்தாறாம் வருஷத்துக் கிறிஸ்துமஸ். எனக்குப் பத்து வயது. போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் அப்பா சூப்பர்வைசர், அண்ணனுக்கு அங்கேயே காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை.

மதினிக்கு எங்கள் வீட்டில் அதுதான் முதல் கிறிஸ்துமஸ். கீழே சிலமலையில் அவர்கள் அம்மா படுத்த படுக்கை என்று தகவல் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"காய் எடுப்பு முடியட்டும்மா, அவன் கூட்டிட்டுப் போவான்" என்று அப்பா சொல்லிவிட்டார். ஸ்டோரில் அடுப்பு அணையக்கூடாது, அண்ணன் நகர முடியாது. தனியாக இறங்க மதினியை விடவும் மாட்டார்கள்.

வெயில் அடித்தால் எங்கள் வாசலிலிருந்து கீழே போடி தெரியும், சிலமலைப் பக்கமும் தெரியும். மதினி துவைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பார்க்கத்தான் முடியும்...

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மதியம் ஒரு வழக்கம். அன்றைக்கு மட்டும் பெண்களும் ஆண்களோடு ஒரே பந்தியில் உட்காருவோம், பரிமாறி முடித்ததும் ஆளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

மூத்தவரிலிருந்து இளையவர் வரை, வரிசையாக. அந்த வருஷம் கர்த்தர் செய்த ஏதாவது ஒன்று, பேர் சொல்லி. "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்" என்று மழுப்பினால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். பொய்யாகவும் சொல்லக்கூடாது. கடைசி ஆள் சொல்லி, எல்லோரும் ஆமென் சொன்ன பிறகுதான் கை இலைக்குப் போகும்.

அப்பா சொன்னார், அம்மா சொன்னாள், அண்ணன் சொன்னான். மதினியின் முறை வந்தது.



"சொல்லும்மா" என்றார் அப்பா.

"வரலை மாமா."

"யோசிச்சுச் சொல்லு. கர்த்தர் ஒண்ணுமே செய்யலையா?"

"செஞ்சிருப்பாரு. எனக்கு எங்கம்மா முகம்தான் வருது மாமா. பொய் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அவ்வளவுதான். மதினியால் சொல்ல முடியாது, அப்பாவால் தன் பேச்சை மாற்ற முடியாது, எங்களால் எழுந்திருக்கவும் முடியாது. வெளியே பனி மூட்டம் என்று கதவைச் சாத்தியிருந்தது. எனக்குக் கால் மரத்துப்போய், மூச்சு முட்டியது. என் இலையில் ஒரு கோழிக்கால் இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மேல் பரிதாபப்படாதீர்கள்... நான் அடுத்துச் செய்தது மதினிக்கு இரக்கப்பட்டு இல்லை. பசி.

"அப்பா, நான் சொல்லிர்றேன்" என்றேன். "மதினியோட அம்மா எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சாங்களாம். அதுக்கு ஸ்தோத்திரம்."

"யாரு சொன்னா?"

"ஜீப்பு டிரைவர் அண்ணே. காலையில மெட்டுக்குப் போனப்ப சொன்னாரு, நான் மறந்துட்டேன்."

மதினி என் கையைப் பிடித்தார்கள். "நெசமா பாப்பா?"

"நெசமா மதினி."

அப்படியே கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார்கள். அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். அம்மா இரண்டாம் தடவை சோறு வைத்ததற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் அந்தக் கோழிக்காலை இலையோடு வைத்து மடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அதே ஜீப்பு வந்தது. டிரைவர் அண்ணன் முற்றத்தில் நின்று, "சிலமலையில அந்த ஆத்தா தவறிப்போச்சு, வெரசா கிளம்புங்க" என்றார்.

விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மதினி அவரிடம் கேட்டுவிட்டால் அன்றோடு நான் தீர்ந்தேன். மதினி ஒன்றும் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபின் என் பக்கம் திரும்பி, "பாப்பா, பனியில நிக்காத, உள்ள போ" என்றார்கள்.

பல வருஷம் கழித்து, அப்பாவை அடக்கம் செய்த அன்று அண்ணன் சொன்னான். "அன்னைக்குப் பந்தியில, கூட்டிட்டுப் போன்னு அப்பா என்னையப் பாத்துத் தலைய ஆட்டிட்டாரு. சாப்பிடாமயே இவளக் கூட்டிட்டு இறங்கியிருப்பேன். நல்லவேளை, நீ அந்தச் சேதியச் சொன்ன, இவ நிம்மதியாச் சாப்பிட்டா."

நல்லவேளையாம்... அன்று இறங்கியிருந்தால் மதினி தன் அம்மாவை உயிரோடு பார்த்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு எல்லோரும் போடிக்கு வந்துவிட்டோம். அப்பாவுக்குப் பிறகு அந்த வழக்கத்தை விடாமல் வைத்திருந்தது மதினிதான். பேரன் பேத்திகள் போனைக் கீழே வைத்துவிட்டு நன்றி சொன்னால்தான் பிரியாணிச் சட்டி திறக்கும். ஒவ்வொரு வருஷமும் மதினிக்கு அடுத்த இடம் எனக்கு.

சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு வருஷமும் போவேன். என் முறை வந்ததும் வீடு, பிள்ளைகள், பென்ஷன் என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வேன். தப்பித்தது எங்கே... அடுத்த டிசம்பர் வந்துவிடும்.

போன கிறிஸ்துமஸுக்கு மதினி குரல் ரொம்ப இறங்கிவிட்டது. "மலையில ஒரு கிறிஸ்துமஸுக்கு, அம்மா பொழச்சுக்கிட்டான்னு நம்பி வயிறாரச் சாப்பிட்டேன். அதுக்கு ஸ்தோத்திரம்" என்றார்கள்.



"ம்... இப்ப நீ சொல்லு பாப்பா" என்றார்கள். இந்த வயதிலும் நான் பாப்பாதான்.

"கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுக்கு" என்றேன்.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மதினி சட்டிக்குள் கரண்டியை விட்டுத் தேடி, ஒரு கோழிக்கால் எடுத்து என் தட்டில் வைத்தார்கள்.

மதினி... அன்னைக்குக் காலையில நான் மெட்டுக்குப் போகவே இல்லை.

போயிட்டு வாங்க.